தூண்டில்காரரின் கத்தி ஏன் வளைகிறது?

அரிவாள்மணையில் மீன் அரிபவரைக் கவனித்திருப்பீர்கள். அங்கே கத்தி அசையாது, மீன்தான் அசையும். பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் அலகின் மேல் மீனை இரண்டு கைகளாலும் வைத்து அழுத்தினால் சதையும் நடுமுள்ளும் சேர்ந்து குறுக்காக அறுந்து விழும். முள்ளைப் பிரித்தெடுப்பது சாப்பிடுகிறவரின் வேலை. குழம்புக்கு அதுதான் சரியான வெட்டு. முள்ளோடு வெந்தால்தான் அதன் சாறு குழம்பில் இறங்கும்.

இதைப் பார்த்து வளர்ந்த ஒருவர், தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஃபில்லெட் கத்தியை முதன்முதலாகக் கையில் எடுத்தால் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். ஒல்லியாக, நீளமாக இருக்கும். நுனியைப் பலகையில் ஊன்றி அழுத்தினால் தென்னங்கீற்று மாதிரி வளையும். இவ்வளவு விலை கொடுத்து இந்தத் தகட்டையா வாங்குவது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஒரு முழு மீனை அந்தக் கத்தியால் பிரித்துப் பார்த்த அன்று அந்த எண்ணம் போய்விட்டது. அந்த வளைவுக்காகத்தான் காசு கொடுக்கிறோம். அது புரிந்தால், எந்த மீனுக்கு எந்தக் கத்தி என்பதும், சிலர் இவற்றை ஏன் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள் என்பதும் தானாகவே விளங்கும்.

முள் போட்டுவைத்த பாதை

ஃபில்லெட் என்றால் நடுமுள்ளிலிருந்து நீளவாக்கில் பிரித்தெடுத்த சதை. ஒரு மீனுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. வறுக்க, சுட, புகையில் வாட்ட, பச்சையாகச் சீவ, எல்லாவற்றுக்கும் பல நாடுகளின் தூண்டில்காரர்கள் மீனை இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

மீனின் எலும்புக்கூட்டை மனதில் கொண்டுவாருங்கள். தலையிலிருந்து வால் வரை நடுமுள் ஓடுகிறது. அதிலிருந்து மேலே முதுகுத் துடுப்பை நோக்கிச் சீப்புப் பல் போல முட்கள் கிளம்புகின்றன. வயிற்றுப் பக்கத்தில் விலா முட்கள் கூடை பின்னியது போல வளைந்து இறங்குகின்றன. வால் பக்கம் போனால் கூடை முடிந்து கீழேயும் சீப்புதான்.

செவுளுக்கும் பக்கத் துடுப்புக்கும் பின்னால் கத்தியை வைத்து, நடுமுள் தட்டும் வரை இறக்குகிறோம். அங்கே நிறுத்தி, அலகைப் படுக்க வைத்து வால் நோக்கித் திருப்புகிறோம். இனி கத்திக்கு ஒரே வேலைதான்: முள்ளை விட்டு விலகாமல், முள்ளுக்குள்ளும் இறங்காமல், அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போவது. வால் பக்கம் பாதை நேரானது, எந்தக் கத்தியும் போகும். விலாக்கூடு வருமிடத்தில்தான் சிக்கல். பாதை அங்கே வளைகிறது. தடித்த கத்தி வளையாது. ஒன்று, விலா முள்ளை வெட்டிச் சதைக்குள் விட்டுவிடும். இல்லையென்றால் ஒரு விரல் தடிமனுக்குச் சதையைக் கூட்டின் மேலேயே விட்டுவிட்டு வரும். வளையும் கத்தி கூடையின் முதுகில் அமர்ந்து, அதன் வடிவத்தை வாங்கிக்கொண்டு ஏறி இறங்கிவிடும்.

தோலை உரிக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். சதையைத் தோல் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, வால் முனையைப் பிடித்துக்கொண்டு, தோலுக்கும் சதைக்கும் நடுவே அலகைப் பலகையோடு படுக்கவைத்துத் தள்ள வேண்டும். ஆனால் கத்தியின் பிடியை உங்கள் முஷ்டி பிடித்திருக்கிறதே! முஷ்டி பலகையில் இடிக்கும் என்பதால் பிடி எப்போதும் சற்று உயரத்தில்தான் இருக்கும். பிடி மேலே, அலகு தட்டையாகக் கீழே என்றால் நடுவில் எங்காவது வளைந்துதானே ஆக வேண்டும்? வளையாத கத்தி ஒரு கோணத்தில் இறங்கித் தோலைக் கிழித்துவிடும். ஒன்று சொல்ல மறந்தேன். தோலை உரிக்கப் போகிறீர்கள் என்றால் செதில் சுரண்டவே தேவையில்லை, அது தோலோடு போய்விடும்.

வளைவு எங்கிருந்து வருகிறது

வளையும் கத்தியை ஏதோ மெதுவான இரும்பில் செய்வார்கள், வளையாத கத்தியைக் கெட்டியான இரும்பில் செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எஃகின் விறைப்பு எல்லா வகை எஃகிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மலிவான எஃகோ விலை உயர்ந்ததோ, ஒரே அளவில் இரண்டு அலகுகள் செய்தால் ஒரே அளவு அழுத்தத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். வித்தியாசத்தைக் கொண்டுவருவது வடிவம்.

முதலில் தடிமன். தடிமன் பாதியானால் விறைப்பு பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. இரண்டை மூன்று முறை போட்டுப் பெருக்கினால் எட்டு, அந்தக் கணக்கு. 3 மில்லிமீட்டர் அலகை 1.5 மில்லிமீட்டராக இழைத்தால் எட்டு மடங்கு எளிதாக வளையும். நீளத்துக்கும் இதே கணக்குதான். தடிமனும் அகலமும் ஒன்றாக இருந்தால், 6 அங்குல அலகின் நுனியைவிட 9 அங்குல அலகின் நுனி மூன்று மடங்குக்கும் மேல் வளையும். அதனால்தான் நல்ல ஃபில்லெட் கத்தியின் முதுகை மேலிருந்து பார்த்தால் பிடிக்குப் பக்கத்தில் தடிமனாகவும் நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும். பிடிப் பக்கம் தலையை அறுக்கும் பலம் வேண்டும், நுனிப் பக்கம் விலாவில் ஏறும் நெளிவு வேண்டும். கடையில் கத்தியை எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இந்த மெலிவைத்தான்.

அப்படியானால் எஃகைச் சூடாக்கித் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துகிறார்களே, நம் கொல்லுப்பட்டறையில் தோய்ச்சல் என்பார்களே, அது எதற்கு? வளைந்த அலகு திரும்பி நேராவதற்கு. தோய்ச்சல் இல்லாத மெல்லிய தகடும் எளிதாக வளையும், ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். தோய்ச்சலும் அதன் பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்துவதும் சேர்ந்துதான் அலகை வில்லாக்குகின்றன. அதிகக் கடினமாக்கினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் முறுக்கினால் நுனி உடையும். ஃபில்லெட் கத்தி நாள் முழுக்க முறுக்கு வாங்கும் கத்தி. அதனால் கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வில் தன்மையைக் காப்பாற்றுகிறார்கள். ராக்வெல் என்ற அளவுகோலில் 55 முதல் 58 வரை உள்ள கத்திகள் இந்த வேலைக்கு வழக்கம். அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பின்லாந்தில் ஒரு கத்தி

இந்த வகைக் கத்திகளில் உலகம் முழுக்கத் தூண்டில் பெட்டிகளில் கிடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது பின்லாந்தின் ராப்பலா கத்திதான். அதன் பின்னால் இரண்டு தனி மனிதர்களின் கதைகள் இருக்கின்றன.

லௌரி ராப்பலா பைய்யான்னே ஏரிக்கரையில் மீன் பிடித்துப் பிழைத்தவர். பெரிய மீன் குஞ்சுக் கூட்டத்தைத் துரத்தும்போது நேராக நீந்தும் குஞ்சை விட்டுவிட்டு, அடிபட்டுத் தள்ளாடும் குஞ்சையே பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1936இல் அந்தத் தள்ளாட்டத்தைக் காட்டும் ஒரு பொய் மீனைச் செதுக்கினார். தக்கையை அறுக்கச் செருப்புத் தைப்பவரின் கத்தி, வழவழப்பாக்க உப்புத்தாள், மேலே பளபளப்புக்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள், தண்ணீர் ஏறாமலிருக்க உருக்கிய புகைப்படச் சுருள். 1962இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது. மரிலின் மன்றோவின் படம் அட்டையில் வந்த இதழ் அது, அதனால் கட்டுரை இன்னும் பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்துதான் ராப்பலா என்ற பெயர் பெரிதானது.

இரண்டாமவர் யான்னே மார்ட்டீனி. துருவ வட்டத்தை ஒட்டிய ரொவானியெமி ஊரில் 1928இல் கத்திப் பட்டறை தொடங்கியவர். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் அந்த ஊரை ஏறத்தாழ முழுதாக எரித்துவிட்டுப் போயின. ஊர் திரும்ப எழுந்தது, கத்தித் தொழிலும் எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் ராப்பலாவுக்காக மார்ட்டீனி செய்து கொடுத்ததுதான் இன்றைக்கும் விற்கும் அந்த ஃபில்லெட் கத்தி: மெல்லிய துருப்பிடிக்காத அலகு, பிர்ச் மரப்பிடி, தோல் உறை. 4, 6, 7.5, 9 அங்குலம் என்று நான்கு நீளம். 2005இல் மார்ட்டீனியை ராப்பலா குழுமம் வாங்கியது.

பின்லாந்தில் இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு. பூக்கோ என்பார்கள். பூ என்றால் அவர்கள் மொழியில் மரம். கத்தியின் பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான விளக்கம். ஒரு பக்கம் மட்டும் கூர், கையடக்க அலகு, அலகுக்கும் பிடிக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. மரம் சீவ, கயிறு அறுக்க, மீன் வயிற்றைக் கீற, ரொட்டியில் வெண்ணெய் தடவ, எல்லாவற்றுக்கும் அதே கத்தி. அது வளையாது. மீனைச் சுத்தம் செய்வதற்குப் பூக்கோ போதும், சதை பிரிக்க ஃபில்லெட் கத்தி வேண்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால் ஏரி மீனுக்கு வேறு கத்தியே தேவைப்படாது என்பது என் எண்ணம். இப்படிக் கத்தியோடு வாழ்ந்த நாட்டிலும் இன்று தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மீன் பிடிக்கப் போவது தக்க காரணம்தான். அதற்காகத் திரும்பி வரும் வழியில் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவில் சுற்றக் கூடாது, பைக்குள் போக வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் இது நல்ல பழக்கம்.

நீளம், மீன், மற்ற சாமான்கள்

உள்ளங்கை நீள மீனுக்கு 4 அங்குலம், அரைக்கிலோ ஒரு கிலோ மீனுக்கு 6 அங்குலம், சால்மன் மாதிரிப் பெரிய மீனுக்கு 9 அங்குலம். முதல் கத்தி வாங்குகிறவருக்கு நான் யோசிக்காமல் 6 அங்குலம்தான் சொல்வேன். அலகு, மீனின் அகலத்தைக் கடந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே இழுப்பில் போகும். குட்டைக் கத்தியால் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் அறுத்தால் சதையில் படிக்கட்டு விழும்.

எல்லா மீனும் வளைவைக் கேட்காது. கெட்டி எலும்புள்ள பெரிய கடல் மீனுக்கு நடுத்தர விறைப்பு வேண்டும், இல்லையென்றால் கத்தி போக வேண்டிய இடத்தை விட்டு அலையும். ஜப்பானியர்கள் இதற்கு நேர் எதிரான பாதையில் போனார்கள். அவர்களுடைய தேபா கத்தி தடித்த முதுகும் ஒரு பக்கம் மட்டும் சரிவும் கொண்டது. வளையவே வளையாது. தட்டையான பக்கம் முள்ளோடு ஒட்டிக்கொண்டு போக, கத்தியின் கனமே தலையை அறுத்துவிடுகிறது. கை பழக நாளாகும். அதனால் முதல் கத்தியாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கத்தி தவிர ராடு, ரீல், தங்கூசி நரம்பு, தூண்டில் முள், ஈயக்குண்டு, மிதவை எல்லாம் இருக்கும் பெட்டியில் இன்னும் இரண்டு வெட்டும் சாமான்கள் வேண்டும். ஒன்று, இரை நறுக்க ஒரு மலிவான சின்னக் கத்தி. ஃபில்லெட் கத்தியால் இரை நறுக்கவே கூடாது. கல்லிலும் படகு விளிம்பிலும் வைத்து நறுக்கிக் கூரைக் கெடுத்துக்கொள்வோம். இன்னொன்று நல்ல கத்தரி. இப்போதைய பின்னல் நூல்கள் கத்தியின் மேல் வழுக்கும், கத்தரிக்குத்தான் அடங்கும். கத்தரியை ஒரு கயிற்றில் கோத்து மேல்சட்டையில் கட்டிவிட்டால் தொலையாது.

சேர்க்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

கத்தி சேர்ப்பவர் முதலில் பார்ப்பது கூரை அல்ல. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் குத்தியிருக்கும் முத்திரையைத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் இயங்கும் கேஸ் நிறுவனம் இதற்கு நல்ல உதாரணம். 1970இல் அவர்கள் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆறு புள்ளி இருந்தால் 1974, ஒரு புள்ளி என்றால் 1979. 1980இல் மறுபடி பத்தில் தொடங்கியபோது, குழம்பாமல் இருக்கப் பெயரிலுள்ள எஸ் எழுத்தை மின்னல் கீற்று மாதிரி மாற்றிவிட்டார்கள். ஒரு பழைய கத்தியைக் கையில் வாங்கிப் புள்ளிகளை எண்ணி, அது பிறந்த ஆண்டைச் சொல்லிவிடலாம்.

அதே நிறுவனத்தின் மடக்கும் மீன் கத்தி ஒன்று உண்டு. எண் 32095. முதல் 3 என்றால் மஞ்சள் பிடி, அடுத்த 2 என்றால் இரண்டு அலகு, மிச்சம் 095 அதன் வடிவத்தின் எண். நீண்ட ஒல்லியான அலகு ஒன்று. இரண்டாவது அலகின் ஓரம் செதில் சுரண்டுவதற்கு, அதன் நுனி மீன் விழுங்கிய தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்கு. பிடியிலேயே ஒரு சிறு சாணைக்கல் பதித்திருப்பார்கள், மழுங்கிய தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொள்ளலாம். தூண்டில்காரரின் ஒரு நாளை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்த மாதிரி இருக்கும். மீன் பிடிக்கவே போகாதவர்கள்கூட இதைச் சேர்ப்பதில் எனக்கு வியப்பில்லை.

அடுத்துப் பார்ப்பது அலகின் அகலம். பல வருடம் தீட்டிய கத்தி மெலிந்துபோயிருக்கும். அதே வகைப் புதுக் கத்தியோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும், விலையும் அதற்கேற்பக் குறையும். பழைய கரி எஃகுக் கத்திகளில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு படலம் படிந்திருக்கும். புதிதாகச் சேர்க்க வருபவர் அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கறுத்த படலம் கீழே உள்ள எஃகைக் காக்கிறது, கத்தியின் வயதையும் சொல்கிறது. சிவப்பாக, பொருக்காக வருவதுதான் துரு. அதை மட்டும் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

எவர்சில்வரும் துருப்பிடிக்கும்

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க ஒரு கலவை தேடினார். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் துருப்பிடிக்காத கத்தி எஃகு. அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை மேலே போர்த்திவிடுகிறது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அந்தப் பெயர். கடல் தண்ணீரில் உள்ள குளோரைடு அந்தத் தோலை ஊசிமுனை அளவில் துளைத்துவிடும். அதனால்தான் கடலுக்குப் போய்வந்த கத்தியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் விழுகின்றன. கரிமத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் நைட்ரஜனை வைத்துச் செய்யும் எச்1 போன்ற எஃகுகள் உப்புக்கு மிக நன்றாகத் தாங்கும். ஸ்பைடெர்கோ நிறுவனம் தன் சால்ட் வரிசைக் கத்திகளுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் முதல் கத்திக்கு அவ்வளவு செலவு வேண்டாம். நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்தால் சாதாரண எவர்சில்வரே பல வருடம் வரும்.

கழுவியதும் தோல் உறைக்குள் போடக் கூடாது. என்னுடைய முதல் கத்தியை ஒரு மழைக்காலம் முழுவதும் தோல் உறையிலேயே வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது அலகின் ஒரு பக்கம் முழுக்கப் புள்ளி. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தோலைப் பதப்படுத்திய பொருள்களும் சேர்ந்துகொள்ளும். உறை எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் கத்தி வெளியே இருக்கட்டும்.

தீட்டுவதற்கு 1000 என்று குறிப்பிட்ட ஒரு தண்ணீர்ச் சாணைக்கல் போதும். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக் கோணம். வளையும் அலகு என்பதால் கல்லில் அழுத்தினால் அலகு வளைந்து கோணம் மாறிவிடும். இடது கை விரல் இரண்டை அலகின் மேல், கல்லுக்கு நேராக வைத்து, லேசாக இழுத்தால் போதும்.

முதல் மீன்

பழகுவதற்குச் சங்கரா அல்லது கொடுவா வாங்குங்கள். எலும்பு தெளிவாக இருக்கும், சதை இறுக்கமாக இருக்கும். கெண்டை வேண்டாம், சதைக்குள்ளேயே சின்ன முள் ஓடும். பின்லாந்துக்காரர்களுக்கு பைக் மீனில் இதே தொல்லை. ஒய் எழுத்து மாதிரிப் பிரிந்த முட்கள் அதன் முதுகுச் சதைக்குள் வரிசையாக நிற்கும், அவற்றைத் தவிர்க்கத் தனி வெட்டே வைத்திருக்கிறார்கள்.

மீனைக் குளிர வைத்து, ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். பலகைக்குக் கீழே ஈரத்துணி போட்டால் வழுக்காது. மீனைப் பிடிக்கும் கையில் வெட்டுத் தாங்கும் கையுறை போடுங்கள், அந்தக் கை எப்போதும் அலகுக்குப் பின்னால் இருக்கட்டும். செவுளுக்குப் பின்னால் இறக்கித் திருப்பியதும் கண்ணைவிடக் காதை நம்புங்கள். அலகு சரியான இடத்தில் போனால் முட்களின் மேல் டிக் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வரும். சத்தம் நின்றுவிட்டால் கத்தி சதைக்குள் ஏறிவிட்டது, கொஞ்சம் சாய்த்து முள்ளோடு திரும்ப ஒட்ட வையுங்கள். சத்தம் கரகரவென்று மாறினால் முள்ளை அறுக்கிறீர்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். முதல் மீனில் பாதிச் சதை முள்ளிலேயே தங்கிவிடும். அதைத் தூக்கி எறியாமல், தலையோடு சேர்த்துக் குழம்பில் போடுங்கள்.